ஸ்பானிய மொழியில் ஒரு வீடு

வேற்று மொழியொன்றைக் கற்கப் புகுவோர் முதலில் வணக்கம் சொல்லவும், பெயர் கேட்கவும், விலை பேசவும் பயில்வர். அவை பயணிக்குப் பயன்படும். பயணம் புறப்படாத நமக்கோ நாள்தோறும் கண்ணிற்படும் பொருள்களே நல்ல பாடநூல். கதவும் சுவரும் கூரையும் படிக்கட்டும் எங்கும் ஓடிப்போவதில்லை. காலையில் மறந்த சொல்லை மாலையில் அதே இடத்தில் மீண்டும் காணலாம். இக்கருத்துடன் நம் பள்ளியில் ஆசிரியர் மூவரும் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர் பன்னிருவரும் வாரத்திற்கு ஒரு மணி நேரம் கூடி, வீட்டுறுப்புகளின் பெயர்களை ஸ்பானிய மொழியில் பயின்றோம். அப்பயிற்சியில் நாம் கண்டவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

ஸ்பானிய மொழி எதற்கு என்று பெற்றோர் சிலர் வினவினர். தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளைச் சுமக்கும் பிள்ளைக்கு நான்காவது சுமை வேண்டுமா, உள்ள தமிழும் போய்விடாதா என்பது அவர்தம் கவலை. அக்கவலை நியாயமானதே, அதற்குரிய விடையைப் பின்னர்க் கூறுவோம். ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் உலகில் ஏறத்தாழ 50 கோடிப் பேர். 20 நாடுகளில் அது ஆட்சிமொழி. ஐக்கிய நாட்டு மன்றத்தின் ஆறு அலுவல் மொழிகளுள் ஒன்று. ஆயினும் நம்மை ஈர்த்தவை இப்பெருமைகள் அல்ல. நம் வீட்டில் நாம் அன்றாடம் வழங்கும் சொற்கள் சில அம்மொழிச் சொற்களுக்கு உடன்பிறப்புகள் என்று அறிந்ததே நம்மை ஈர்த்தது.

முதல் நாளன்று மாணவர்களை நோக்கி, "உங்கள் வீட்டில் நான்கு கால்களுடன் நிற்பதும், அதன்மேல் சோறு வைத்து உண்பதும் யாது?" என்று வினவினோம். "மேசை" என்றனர். "ஸ்பானிய மொழியில் அதற்கு மேஸா என்று பெயர்" என்றதும் வகுப்பே சிரித்தது. நாம் அவர்களை ஏமாற்றுகின்றோம் என்று எண்ணிவிட்டனர் போலும்! உண்மை இதுதான். 16ஆம் நூற்றாண்டில் தமிழகக் கரைக்கும் மலாக்காவுக்கும் வந்த போர்த்துக்கீசியர் தம் பொருள்களோடு அவற்றின் பெயர்களையும் கொணர்ந்தனர். அவர்தம் 'மேஸா' தமிழில் மேசையாயிற்று. மலாயில் 'மேஜா' ஆயிற்று. போர்த்துக்கீசியமும் ஸ்பானியமும் இலத்தீன் என்னும் ஒரே தாய் பெற்ற மக்களாதலின், ஸ்பானியரும் அதே சொல்லைச் சொல்கின்றனர். நம் அலமாரியும் அவ்வாறே. போர்த்துக்கீசியத்திலும் ஸ்பானியத்திலும் அது 'அர்மாரியோ'. போர்க்கருவிகளை வைக்கும் பெட்டகம் என்பது அதன் பழம்பொருள். இன்று அதனுள் பள்ளிச் சீருடையை மடித்து வைக்கின்றோம்.

சாவியின் வரலாறு இன்னும் சுவையானது. இலத்தீனில் அது 'கிளாவிஸ்'. போர்த்துக்கீசியர் வாயில் அச்சொல்லின் முதலொலி திரிந்து 'ஷாவெ' ஆயிற்று. அதுவே தமிழில் சாவி. ஸ்பானியர் வாயில் அதே முதலொலி வேறு வகையில் திரிந்து 'யாவே' ஆயிற்று. எனவே சாவியும் யாவேயும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். முகம் மட்டும் மாறிவிட்டது.

ஆனால் 'ஜன்னல்' என்பதை வைத்துக்கொண்டு ஸ்பானியச் சொல்லைத் தேடினால் ஏமாறுவோம். ஜன்னலும், மலாய் மொழியின் 'ஜெண்டேலா'வும் போர்த்துக்கீசியர் தந்த 'ஜனேலா'விலிருந்து வந்தவை. ஸ்பானியரோ அதற்கு 'வென்த்தானா' என்பர். எழுதும்பொழுது முதலெழுத்து 'வ' போன்றிருந்தாலும், கம்பம் என்னும் சொல்லின் 'ப' ஒலியையே அவர்கள் அங்கே ஒலிப்பர். காற்று என்று பொருள்படும் இலத்தீன் சொல்லான 'வென்துஸ்' என்பதிலிருந்து வென்த்தானா பிறந்தது. இதனைக் கேட்டபொழுது நமக்குப் பழந்தமிழ்ச் சொல்லொன்று நினைவுக்கு வந்தது. 'காலதர்' என்பது அது. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி காலதர். ஸ்பானியரும் நம் முன்னோரும் ஒருவரையொருவர் கண்டறியாத காலத்தில், சுவரில் உள்ள ஒரே திறப்பைப் பார்த்து ஒரே எண்ணம் கொண்டிருக்கின்றனர். வெளிச்சத்தைவிடக் காற்றே அவர்களுக்குப் பெரிதாய்த் தோன்றியிருக்கிறது. ஸ்பெயினின் தென்பகுதி வெயிலை அறிந்தோர்க்கு இது வியப்பாயிராது.

ஒலிப்பைப் பற்றி ஒரு சொல். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இம்மொழியின் ஒலிகள் எளிதில் கைவருகின்றன. பல்லைத் தொட்டு ஒலிக்கும் நம் 'த' ஸ்பானியத்திலும் உண்டு. 'க', 'த', 'ப' ஆகியவை மூச்சு வெடிப்பின்றி ஒலிக்கும். சொல்லின் இடையில் 'அது', 'பகல்' என்பனவற்றில் நம் வல்லினம் மென்மை பெறுவது போன்றே அங்கும் மென்மை பெறும். ஆங்கிலேயர் திண்டாடும் 'ஞ' நமக்கு அரிச்சுவடியிலேயே உள்ளது. குளியலறையாகிய 'பாஞோ'வை நம் மாணவர் முதன்முறையிலேயே பிழையின்றிச் சொல்லிவிட்டனர். நாவை அதிரவிட்டு ஒலிக்கும் எழுத்தை 'ற' என்றே எழுதிக்கொண்டோம்.

இடர் வேறோரிடத்தில் வந்தது. ஸ்பானியத்தில் உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. கதவாகிய புவெர்த்தா பெண்பால். அதற்கு முன் 'லா' வரும். கூரையாகிய தேச்சோ ஆண்பால். அதற்கு முன் 'எல்' வரும். மாணவனொருவன் எழுந்து, "ஐயா, மேசை பெண் என்றால் நாற்காலி ஆணா?" என்று கேட்டான். நாற்காலியாகிய 'ஸீயா'வும் பெண்பாலே. அஃறிணைக்கு இவ்வேறுபாடு காட்டாத தமிழில் வளர்ந்தோர்க்கு இது விந்தையாகவே தோன்றும். ஸ்பானியர் மேசையைப் பெண்ணாக எண்ணுவதில்லை. சொற்களை இரு கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கின்றனர், அவ்வளவே. 'ஆ' என முடிவன பெரும்பாலும் பெண்பால், 'ஓ' என முடிவன பெரும்பாலும் ஆண்பால் என்பது நல்ல வழிகாட்டி. ஆயினும் சுவராகிய 'பாரெத்', சாவியாகிய 'யாவே' போன்றவை இவ்வழிகாட்டிக்குள் அடங்கா, இரண்டும் பெண்பால். ஆகையால் சொல்லை மட்டும் தனியே எழுதாமல், 'லா பாரெத்', 'எல் தேச்சோ' என முன்னொட்டுடன் சேர்த்தே சீட்டில் எழுதினோம்.

இச்சீட்டுகளே நம் கருவிகள். அஞ்சலட்டையில் பாதியளவு தாளை வெட்டி, பெயரெழுதி, அந்தந்தப் பொருளின்மீதே ஒட்டினோம். ஒரு சீட்டில் மூன்று வரிகள்: மேலே ஸ்பானியம், நடுவில் மலாய், கீழே தமிழ். முதலில் வகுப்பறைக் கதவை எடுத்துக்கொண்டோம். ஒரு கதவில் என்ன இருக்கப் போகின்றது என்று எண்ணினோம். அதில் மட்டும் இரண்டு வாரம் கழிந்தது.

கதவின் கீழே நாம் கடந்து செல்லும் படி 'உம்ப்ரால்'. தலைக்கு மேலே சுவரைத் தாங்கும் குறுக்குக் கட்டை 'தின்த்தேல்'. கதவு திரும்புவதற்குரிய இரும்பு 'பிஸாக்ரா'. உட்புறம் தள்ளிச் சாத்துவது 'பெஸ்தீயோ'. பூட்டு 'செறாதூரா'. பழைய வீடுகளில் வெளியே தொங்கும் தட்டுகருவி 'அல்தாபா'. ஸ்பானியச் சொற்களை மாணவர் விரைவில் எழுதிவிட்டனர். சீட்டின் கீழ்வரிதான் வெறுமையாயிருந்தது. பிஸாக்ரா என்பதற்குத் தமிழ் என்ன? பன்னிருவருள் ஒருவருக்கும் தெரியவில்லை. "அந்த இரும்பு" என்றான் ஒருவன். பெஸ்தீயோவுக்கு ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதி வைத்தாள் மற்றொருத்தி. ஆசிரியராகிய நாமும் தின்த்தேல் என்பதன் நேரே சிறிது நேரம் பேனாவுடன் விழித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

மறுவாரம் ஆறாம் ஆண்டு மாணவியொருத்தி சீட்டுகளை நிரப்பிக் கொண்டுவந்தாள். தோட்டத்து லயத்தில் நெடுங்காலம் வாழ்ந்த அவள் பாட்டியிடம் கேட்டு எழுதியிருந்தாள். பிஸாக்ரா கீல். பெஸ்தீயோ தாழ்ப்பாள். உம்ப்ரால் வாசற்படி. தின்த்தேல் என்பதற்கு மட்டும் பாட்டி உடனே விடை கூறவில்லையாம். கதவைச் சுற்றியுள்ள நான்கு மரச்சட்டமும் சேர்ந்து 'நிலை'. அதற்கு மேலே சுவர்ப்பாரம் தாங்குவது 'உத்தரம்' என்று, மண்ணில் கோடு கிழித்துக் காட்டியிருக்கிறார். நாம் கேளாத 'பரண்' என்னும் சொல்லையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அடுப்படிக்கு மேலே விறகும் பாத்திரமும் அடுக்கும் தட்டு அது. பெற்றோர் அஞ்சியதற்கு இதுவே நம் விடை. தாழ்ப்பாள் என்னும் சொல்லைப் பிள்ளையிடமிருந்து ஸ்பானியம் பறிக்கவில்லை. அது முன்னரே போயிருந்தது. அது இல்லையென்பதைத்தான் ஸ்பானியச் சீட்டு காட்டிக் கொடுத்தது.

அதன்பின் நாம் விதியொன்று செய்துகொண்டோம். கீழ்வரியில் தமிழ்ச்சொல் நிரம்பாத சீட்டை ஒட்டலாகாது. இதனால் பயிற்சி மெதுவாயிற்று, சுவை கூடிற்று.

சுவருக்கு வந்தோம். அறையின் சுவர் பாரெத். தோட்டத்தையோ வளாகத்தையோ சூழ்ந்து நிற்பது 'மூரோ'. கோட்டையையும் நகரையும் சூழ்வது 'முராயா'. அறையை இரண்டாகத் தடுக்கும் மெல்லிய சுவர் 'தாபீக்கே'. ஆங்கிலம் ஒரே சொல்லால் பெரும்பாலும் நிறைவடையும் இடத்தில் தமிழ் சுவர் என்றும் மதில் என்றும் பிரிக்கும். மலாய் 'டிண்டிங்' என்றும் 'தெம்போக்' என்றும் பிரிக்கும். எனவே இப்பாடம் நம்மவர்க்கு எளிதாயிற்று. மூலையும் அத்தகையதே. அறைக்குள்ளே துடைப்பம் சாத்தி வைக்கும் மூலை 'ரின்கோன்'. வெளிப்புறம் நீட்டிக்கொண்டு முழங்காலை இடிக்கும் மேசை முனையும், இரு தெருக்கள் கூடும் முனையும் 'எஸ்கீனா'. தமிழில் மூலையென்றும் முனையென்றும் நாம் கூறும் வேறுபாட்டை இது பெரிதும் ஒத்திருக்கிறது.

படிக்கட்டில் நிலை மாறுகிறது. ஏணிக்கும் மாடிப்படிக்கும் ஸ்பானியத்தில் 'எஸ்காலேரா' என்னும் ஒரே சொல். கையில் தூக்கிச் செல்வதைக் குறிக்க வேண்டுமானால் 'கை எஸ்காலேரா' என்று அடைகொடுப்பர். தமிழில் இரண்டும் வேறு. ஆனால் மலாயில் 'தங்கா' இரண்டையும் குறிக்குமன்றோ? ஆகவே இச்சொல்லை நினைவிற் கொள்ள மலாய் துணைசெய்தது.

ரின்கோன் என்னும் சொல் ஸ்பெயினில் பிறந்ததன்று. கி.பி. 711இல் அரபு மொழி வழங்கிய முஸ்லிம் படையினர் வட ஆப்பிரிக்காவிலிருந்து ஸ்பெயினுட் புகுந்தனர். அவர்தம் கடைசி அரசாகிய கிரனாடா 1492இல்தான் வீழ்ந்தது. அந்நெடுங்காலத்தில் கட்டடக் கலையிலும் நீர்ப்பாசனத்திலும் அவர்கள் பயன்படுத்திய சொற்கள் பல ஸ்பானிய வீட்டுக்குள் நிலைத்துவிட்டன. 'அல்' என்றும் 'அ' என்றும் தொடங்கும் வீட்டுச் சொல்லைக் கண்டால் அரபு மூலம் உண்டோ என்று ஐயுறலாம். தரைவிரிப்பு 'அல்ஃபோம்ப்ரா'. தட்டையான மொட்டைமாடி 'அஸோத்தேயா'. படுக்கையறை 'அல்கோபா'. தலையணை 'அல்மோஆதா'; கன்னம் என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது இது. கன்னம் வைக்கும் இடம் தலையணை! சுவரிற் பதிக்கும் வண்ண ஓடு 'அஸுலேஹோ'. ஸ்பானியத்தில் நீலத்திற்கு 'அஸூல்' என்று பெயராதலின், நீல ஓடு என்பதே இதன் பொருள் என்று பலர் கருதுவர். நாமும் முதலில் அவ்வாறே கரும்பலகையில் எழுதி, பின்னர் அழித்தோம். மெருகிட்ட சிறுகல்லைக் குறிக்கும் அரபுச் சொல்லே அதன் மூலம்.

இனி ரின்கோன். மூலை, தூண் என்னும் பொருளுடைய 'ருக்ன்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது அது. அதே அரபுச் சொல் கடல்வழி நம் நாட்டிற்கும் வந்து மலாயில் 'ருக்குன்' ஆயிற்று. பள்ளிச் சபைகூடலில் நாம் ஓதும் 'ருக்குன் நெகாரா'வில் உள்ள ருக்குன் அதுவே. மேற்கே சென்ற சொல் வீட்டு மூலையில் ஒதுங்கிற்று. கிழக்கே வந்த சொல் 1970இல் நாட்டுக் கோட்பாட்டின் பெயராயிற்று.

ஸ்பெயினின் தென்பகுதியிலுள்ள கோர்தோபா நகரத்துப் பழைய வீட்டைப் படங்களில் கண்டபொழுது, சொற்கள் பல ஒன்றாய்ப் பொருந்தி விளங்கின. தெருப்பக்கம் வெள்ளையடித்த சுவர்; திறப்புகள் சிலவே. கீழ்மாடி வென்த்தானாவுக்கு 'ரேஹா' என்னும் இரும்புக் கம்பிகள் இருக்கும். நம் வரிசை வீடுகளின் கிரில்லை ஒத்தவை அவை. கதவைத் திறந்தால் 'ஸாகுவான்' என்னும் நிழல் நடை. அதைக் கடந்தால் வானம் நோக்கித் திறந்த முற்றம். அதுவே 'பாத்தியோ'. நடுவில் கிணறோ நீரூற்றோ அமைந்திருக்கும். சுற்றிலும் அறைகள், அவற்றின் வாயில்கள் தெருவை நோக்காமல் முற்றத்தை நோக்கும். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் ஊரில், நீரும் நிழலும் செடியும் கூடிய முற்றமே வீட்டைக் குளிர்விக்கும் பொறி. சுவர் முழுதும் பூந்தொட்டிகளை மாட்டிவைப்பர். எட்டாத உயரத்தில் உள்ளவற்றுக்கு நீண்ட கழியின் நுனியில் குவளையைக் கட்டி நீரூற்றுவர். ஆண்டுதோறும் மே மாதத்தில் இம்முற்றங்களை ஊரார்க்குத் திறந்துவிடும் விழாவை யுனெஸ்கோ 2012இல் மனிதகுல மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பாத்தியோ என்றதும் செடிப் பாத்தியை எண்ணினோம். ஒலியொற்றுமையன்றி உறவேதும் இல்லை. ஆயினும் அச்சொல்லை நம் மாணவர் மறக்காதது இதனாலேயே.

ஸ்பெயினில் கற்ற சொல் எல்லா ஸ்பானிய நாட்டிலும் செல்லும் என எண்ணிவிடலாகாது. படுக்கையறையைத் 'தோர்மித்தோரியோ' என்றால் எங்கும் விளங்கும். ஆனால் மெக்சிக்கர் தம் வீட்டில் 'ரெக்காமாரா' என்பர். கொலம்பியாவில் 'அல்கோபா' இன்றும் வழக்கில் உண்டு. ஸ்பெயினில் 'அபித்தாஸியோன்' என்பர். 'பீஸோ' என்றால் பல நாடுகளில் தரை. ஸ்பெயினிலோ அடுக்குமாடி வீட்டையும் அது குறிக்கும். பெரும் குழப்பம் தண்ணீர்க் குழாயில். ஸ்பெயினில் அது 'க்ரீஃபோ'. மெக்சிக்கோவில் 'யாவே', அதாவது சாவிக்குரிய அதே சொல். பெரு நாட்டில் க்ரீஃபோ எங்கே என்று கேட்டால் எண்ணெய் நிலையத்திற்கு வழிகாட்டுவர்!

நம் அண்டை நாடாகிய பிலிப்பீன்ஸிலும் இச்சொற்கள் வாழ்கின்றன. 1565 முதல் 1898 வரை அங்கே ஸ்பானியர் ஆட்சி நடந்தது. தகாலோக் மொழியில் சாளரம் 'பின்த்தானா', அடுப்படி 'குஸினா', நாற்காலி 'ஸில்யா', மேசை 'மேஸா'. ஆனால் கதவு 'பின்தோ', சுவர் 'டிண்டிங்', கூரை 'புபோங்'. மலாயின் பிந்து, டிண்டிங், பும்போங் ஆகியவற்றை அறிந்த நம் மாணவர் இவற்றைக் கண்டு துள்ளினர். ஸ்பானியர் வருமுன் அம்மக்களுக்குச் சாளரமே இல்லையோ என்று ஒருவன் ஐயுற்றான். இருந்தது; அதற்குத் 'துருங்காவான்' என்னும் சொந்தச் சொல்லும் உண்டு. வந்த சொல் வழக்கில் முந்திக்கொண்டது. தாழ்ப்பாளுக்கு நேர்ந்ததும் அதுவே.

இவ்விரு உலகங்களும் முதன்முதல் சந்தித்தபொழுது மலாய் மொழியே பாலமாயிருந்தது. ஸ்பானிய அரசுக்காக 1519இல் ஐந்து கப்பல்களுடன் புறப்பட்ட மகெல்லனிடம், மலாக்காவில் வாங்கப்பட்ட என்றிக்கே என்னும் அடிமை இருந்தான். 1521இல் பிலிப்பீன்ஸ் தீவுகளை அடைந்தபொழுது அவன் பேசிய மலாய் அங்குள்ளோர்க்கு விளங்கிற்று. அதே பயணத்தில் சென்ற இத்தாலியராகிய பிகாஃபெத்தா, கேட்ட மலாய்ச் சொற்களைப் பொருளுடன் எழுதி 400க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட பட்டியல் ஆக்கினார். பொருளைச் சுட்டுவதும் பெயரைக் கேட்பதும் எழுதுவதுமே அவரது முறையாக இருந்திருக்க வேண்டும். நாம் சீட்டு ஒட்டியதும் அம்முறைதான்.

இதுவரை 64 சீட்டுகள் ஒட்டப்பட்டுள்ளன. ஒன்று மட்டும் ஆசிரியர் அறை இழுப்பறையில் கிடக்கின்றது. அதில் எழுதியுள்ள சொல் 'ஸோப்ரெமேஸா'. மேசையின் மேல் என்பது சொற்பொருள். உண்டு முடித்த பின்னும் எழாமல், குடும்பத்தாரும் விருந்தினரும் மேசையைச் சுற்றி அமர்ந்து உரையாடும் பொழுதுக்கு ஸ்பானியர் இட்ட பெயர் அது. அப்பொழுது நம் வீடுகளிலும் உண்டு. பெயர்தான் கிடைக்கவில்லை. பாட்டியிடமும் கேட்டாயிற்று, "சோறு உண்ட கை காயப் பேசுவது" என்று கூறி நகைத்தாராம். ஒரே சொல்லாகத் தெரிந்த மாணவரோ பெற்றோரோ வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுப்பின், அச்சீட்டைச் சிற்றுண்டிச்சாலை மேசையில் ஒட்டுவோம்.